எதை நெய்வது, எதை விடுவது?
சங்க மேலாளர்க்கும் நிர்வாகக் குழுவினர்க்கும் ஒரு தொழிற்பாடம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் ஆடையே தெரியும். காவடி எடுத்து வருவோரும், பால்குடம் ஏந்தி வருவோரும், வேண்டுதல் நிறைவேற்ற வருவோருமாகத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அவர்கள் அணிந்துள்ள அந்தத் துணியில் நம் பகுதித் தறிகளில் நெய்யப்பட்டது எவ்வளவு? அம்மையார்குப்பமும் பொதட்டூர்ப்பேட்டையும் பள்ளிப்பட்டும் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். மலைக்கும் அவற்றுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆயினும் இக்கேள்விக்கு விடை நம் சங்கப் பதிவேடுகளில் இராது. பதிவேடு விற்றதைச் சொல்லுமேயன்றி, விற்றிருக்கக்கூடியதைச் சொல்லாது.

இத்தகைய கேள்விகளை எழுப்பி, விடை கண்டு, அவ்விடையின்படி சங்கத்தை நடத்திச் செல்வதையே இன்று தொழில் உத்தி என்கின்றனர். சொல் புதிதாயினும் பொருள் புதிதன்று. யாருக்காக உற்பத்தி செய்கிறோம், எதை உற்பத்தி செய்கிறோம், பிறரிடம் கிடைக்காத எது நம்மிடம் கிடைக்கும், இவற்றின் பொருட்டு எதைச் செய்யாமல் விடப்போகிறோம் என்னும் நான்கும் அதில் அடங்கும். முதல் மூன்றும் கூட்டங்களில் அவ்வப்போது பேசப்படுவதுண்டு. நான்காவதைப் பேசுவோர் அரியர். வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முதற் குறளிலேயே ஒரு செயலால் அழிவது எது என்பதை முதலில் வைத்தார். ஆவதையும் பின்னர் வரும் ஊதியத்தையும் அதன்பின்னரே வைத்தார். நம் ஆண்டுத் திட்டப் படிவங்களில் ஆவதற்கு ஒரு கட்டம் உண்டு, ஊதியத்துக்கும் உண்டு. அழிவதற்கு ஒரு கட்டம் இட்டிருக்க நாம் கண்டதில்லை.

மேலாளர் பயிற்சிகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கூட்டுறவுச் சட்டம், கணக்குப் பதிவு, தணிக்கை ஆகியவை அங்கே நன்கு கற்பிக்கப்படுகின்றன. அவையின்றிச் சங்கம் ஒரு நாளும் நடவாது. ஆனால் வியாபாரம் பற்றிய பாடம் வரும்போது மட்டும் திட்டம், குறியீடு, சந்தை ஆய்வு முதலிய சொற்களுக்கு விளக்கம் எழுதுவதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பிய மேலாளர் சென்ற ஆண்டு விற்பனையோடு நூற்றுக்குப் பத்துக் கூட்டி எழுதி, அதற்குத் திட்டம் என்று தலைப்பிடுகிறார். இப்பழக்கம் எத்தனை ஆண்டுகளாக இருந்துவருகிறது என்பதை மூத்த அங்கத்தினர் அறிவர்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். 2009-10 இல் எடுக்கப்பட்ட கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 43.31 லட்சம் பேர் இருந்தனர். 2019-20 கணக்கெடுப்பில் அத்தொகை 35.22 லட்சம். பத்தாண்டில் 8 லட்சம் பேருக்கு மேல் தறியை விட்டு நீங்கினர். விசைத்தறியின் போட்டி, நூல் விலை, இளைஞர்க்குக் கிடைத்த பிற வேலைகள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் பல நம் கைக்கு எட்டாதவை. கைக்கு எட்டியிருந்தும் நாம் கவனியாத காரணம் ஒன்றுண்டு: வாங்குவோர் இல்லாத ரகத்தை ஆண்டுக்கணக்கில் நெய்துகொண்டிருத்தல். அதைப் பற்றியதே இப்பாடம்.

இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரத்து முன்னோடிகளின் கதையை அறியாத கூட்டுறவாளர் இலர். 1844 டிசம்பர் 21 ஆம் நாள் மாலை, 28 பவுன் மூலதனத்தோடு, டோடு லேன் என்னும் தெருவில் அவர்கள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களே அங்கிருந்தன. அவர்களுள் நெசவாளரும் பலர். அவர்கள் வகுத்த விதிகளை ஆசிரியர் கரும்பலகையில் வரிசையாக எழுதுவார். ரொக்க விற்பனை என்பது அவற்றுள் ஒன்றாக இருக்கும். மாணவர் எழுதிக்கொள்வர், தேர்வில் திரும்ப எழுதுவர். பாடம் அத்துடன் முடியும். நம் கருத்தில் பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

எவ்வாறெனில், அதே ஊரில் அதே தெருவில் 1833 இல் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. கடன் கொடுத்துக் கெட்ட கடை அது. அந்த முயற்சியில் ஈடுபட்டிருந்தோர் சிலர் 1844 இலும் இருந்தனர். அவர்களுடைய நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். நெசவுக் கூலி நிலையில்லை. வேலை இல்லாத வாரங்களில் ஏழைக் குடும்பங்கள் கடனில்தான் மாவு வாங்கின. தனியார் கடைகள் கடன் கொடுத்தன. அந்தக் கடனால் கட்டுண்டவர் கலப்படத்தையும் குறைந்த எடையையும் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது. இந்நிலையில் ‘எங்கள் கடையில் ரொக்கம் மட்டுமே’ என்று எழுதிப்போடுவது எத்தகைய செயல்? தம்மைவிட ஏழையான அண்டை வீட்டானை, அவனுக்கு மிகவும் தேவையான வாரத்தில் வாயிலிலேயே திருப்பி அனுப்புவதாகும். அந்த இழப்பை அறிந்தே ஏற்றனர். அதற்கு ஈடாகத் தூய பண்டமும், சரியான எடையும், வாங்கிய அளவுக்கு ஏற்ற லாபப் பங்கும் அளித்தனர். பின்வந்தோர் அதைக் கொள்கை என்று பெயரிட்டு வணங்கினர். அன்று அது நெஞ்சை அறுத்த ஒரு முடிவாகவே இருந்திருக்கும்.

ஆசிரியர் கதையை 1844 டிசம்பர் 20 ஆம் நாளோடு நிறுத்தி, மூடிய கடையின் அனுபவத்தை எடுத்துரைத்து, ‘நீங்கள் கடன் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? காரணத்தோடு எழுதுங்கள்’ என்று கேட்டு, எழுதி முடித்த பின்னரே மேலே சொல்வாராயின் வகுப்பில் வழக்கு மூளும். எங்கள் படிப்பு வட்டத்தில் ஒருமுறை இவ்வாறு செய்து பார்த்தோம். பெரும்பாலோர் ‘பாதிக் கடன் கொடுக்கலாம்’ என்று எழுதினர். அவ்வாறு எழுதியவர்களில் இருவர் அந்த மாதம் முழுவதும் தத்தம் சங்கத்துக் கடன் பாக்கியை வசூலிக்க அலைந்துகொண்டிருந்தவர்கள். அவர்களே அதைக் கண்டு முதலில் நகைத்தனர். அன்று நடந்த விவாதத்தை எவரும் மறக்கவில்லை. விதிகளின் பட்டியலோ எவர் நினைவிலும் இல்லை.

உண்மை நிகழ்ச்சியை முன்வைத்து முடிவு கேட்கும் இம்முறை நாம் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வணிகப் பள்ளி 1920 களிலிருந்தே இதனை வளர்த்தது. 1961 இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டபோது அப்பள்ளியின் துணையோடு இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. இதற்கு நிறையும் உண்டு, குறையும் உண்டு. குறையை வெளிப்படையாக எடுத்துரைத்தவருள் கனடா நாட்டுப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் முதன்மையானவர். ஆலையைக் கண்ணால் காணாத இளைஞர் இருபது பக்கம் படித்துவிட்டு அந்த ஆலையின் தலைவிதியை மறுநாள் காலையில் தீர்மானிக்கின்றனர். இதனால் அறிவைவிடத் துணிச்சலே வளர்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 1987 இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் உத்தி வகுப்போரைக் குயவருக்கு ஒப்பிட்டார். குயவர் மனத்தில் ஒரு வடிவத்தோடு அமர்கிறார். ஆனால் மண்ணின் பதம் கையில் தெரியத் தெரிய வடிவம் மாறுகிறது. தறியில் அமர்ந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவு ஓட்டும்போது நினைத்த வண்ணச் சேர்க்கை, ஊடை விழுந்தபின் வேறாகத் தோன்றி, கரையை மாற்றி நெய்த அனுபவம் பலருக்கும் இருக்கும்.

அவர் கூறியதோடு நில்லாமல், 1996 இல் பல நாட்டுக் கல்விக் கூடங்களைச் சேர்த்துப் பணியிலுள்ள மேலாளர்களுக்கான ஒரு படிப்பைத் தொடங்கினார். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகமும் அதில் பங்கு கொண்டது. மேலாளராக ஏற்கெனவே இருப்பவரே தம் சொந்த வேலையைப் பாடநூலாகக் கொண்டு பிறரோடு அமர்ந்து பயில வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் சங்கங்களுக்கு இது மிகவும் பொருந்தும். பெரிய பள்ளி மாணவர்க்கு யோசிக்க நேரம் உண்டு, தறி இல்லை. நம் மேலாளருக்குத் தறி கண்முன்னே இருக்கிறது. அமர்ந்து யோசிக்கும் வேளைதான் அவர் நாட்குறிப்பில் இல்லை.

கற்பிப்போர் தறியைத் தேடி வந்த நிகழ்ச்சி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அகமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநராக 1965 இல் பொறுப்பேற்ற ரவி மத்தாய், அப்பதவியைத் தாமே விட்டு, ஆசிரியராகவே தொடர்ந்தார். 1975 இல் அவரும் தோழர்களும் ராஜஸ்தானத்தில் அஜ்மீர் மாவட்டத்து ஜவாஜா என்னும் வறட்சிப் பகுதிக்குச் சென்றனர். தேசிய வடிவமைப்புக் கழகத்தாரும் உடன் நின்றனர். அங்கே நெசவாளரும் தோல் தொழிலாளரும் ஏழ்மையில் இருந்தனர். வந்தவர்கள் வகுப்பு நடத்தவில்லை. எதைச் செய்தால் விலைபோகும், யார் வாங்குவர், தரத்தை யார் பார்ப்பது, கடன் எவ்வளவு வாங்கலாம் என்னும் கேள்விகளைத் தொழிலாளரோடு அமர்ந்து, ஒவ்வொன்றாக அவர்களே முடிவு செய்யும்படி விட்டனர். உள்ளூர்ச் சந்தைக்குரிய முரட்டுச் சரக்கை விட்டு நகரத்தார் விரும்பும் விரிப்புகளையும் தோல் பைகளையும் செய்யத் தொடங்கினர். பின்னர் தமக்கென ஒரு கைவினைஞர் கூட்டமைப்பையும் ஏற்படுத்திக்கொண்டனர். நாளடைவில் தம் தேவையே இல்லாமற் போகவேண்டும் என்பதே ஆசிரியர்களின் குறிக்கோளாக இருந்தது. அது எளிதில் நிறைவேறவில்லை. சந்தையோடு நேரே பேசும் பழக்கம் வர ஆண்டுகள் பல பிடித்தன. கற்பித்தல் என்பது மூன்று நாள் முகாமில் முடியும் வேலை என்று கருதுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். படிப்பு வட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கொன்றை இங்கே தருகிறோம். இது கற்பனைச் சங்கம். எண்களும் கணக்குக்கு எளிதாக அமைக்கப்பட்டவை. தங்கள் சங்கத்து எண்களை இதில் இட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

60 தறிகள், 6 ரகங்கள். ஆண்டு விற்பனை, அடக்க விலையில் 48 லட்சம் ரூபாய். கையிருப்புச் சரக்கு ஆண்டு முழுவதும் சராசரியாக 24 லட்சம். காசுக்கடனுக்கு வட்டி நூற்றுக்குப் பத்து. ஆறு மாதச் சரக்குத் தேங்கியிருக்கிறது என்று தணிக்கையாளர் எழுதுவார். குறைக்க ஆவன செய்யப்படும் என்று நாம் பதில் எழுதுவோம். கோப்பு மூடப்படும். சராசரி என்னும் போர்வை அத்தனையையும் மூடிவிடுகிறது.

ரகவாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு ரகங்கள் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு விற்கின்றன. அவற்றின் கையிருப்பு 4 லட்சமே. ஏறக்குறைய ஏழு வாரச் சரக்கு. மற்ற நான்கு ரகங்களும் சேர்ந்து 18 லட்சத்துக்கு விற்க, கையிருப்போ 20 லட்சம். பதின்மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சரக்கு. முதல் வகையில் 100 ரூபாய் விற்பனைக்கு வட்டி 1 ரூபாய் 33 காசு. இரண்டாம் வகையில் 11 ரூபாய்க்குச் சற்று மேல். மேற்செலவுக்கும் லாபத்துக்குமாகச் சங்கம் நூற்றுக்குப் பத்துச் சேர்த்து விற்பதாகக் கொண்டால், அந்த நான்கு ரகங்களில் விற்கும் ஒவ்வொரு துணியோடும் கைப்பணமும் வெளியே போகிறது. நன்றாக விற்கும் இரண்டு ரகங்களை நெய்வோர் அந்த நஷ்டத்தைச் சுமக்கின்றனர். அவர்களுக்கு அது தெரியாது.

உடனே எல்லாரும் சொல்வது, நான்கையும் நிறுத்திவிடலாம் என்பது. இங்கேதான் மேலாளர் நின்று நிதானிக்க வேண்டும். அந்த ரகங்களை நெய்வன 24 தறிகள், 24 குடும்பங்கள். ரகம் மாற வேண்டுமானால் அச்சும் விழுதும் மாற்ற வேண்டும். கை பழக வேண்டும். பத்து நாளாவது கூலி இராது. நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று கொண்டால் குடும்பத்துக்கு 4,000. 24 குடும்பங்களுக்கு 96,000 ரூபாய். இதைச் சங்கம் ஏற்காவிடில் அந்த நெசவாளர் தனி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். போனவர் திரும்புவது அரிது.

தேங்கிய 20 லட்சத்தில் 12 லட்சத்துச் சரக்கைக் கழித்து 8 லட்சமாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வட்டி 1,20,000 மிச்சம். ஆனால் பழைய சரக்கை யாரும் முழு விலைக்கு எடுக்கமாட்டார்கள். அடக்க விலையில் நூற்றுக்கு இருபது குறைத்தால் 2,40,000 நஷ்டம். மாற்றக் கூலி 96,000 சேர்த்தால் 3,36,000. ஆண்டுக்கு 1,20,000 மிச்சமாகி இந்தத் தொகை திரும்ப இரண்டு ஆண்டும் பத்து மாதமும் ஆகும். அதன்பின் வருவதே ஆதாயம்.

இந்தக் கணக்கை எங்கள் வட்டத்தில் போட்டு முடித்தபோது, நீண்டகாலம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கூறியது எங்களைச் சிந்திக்க வைத்தது. “முதல் ஆண்டு நஷ்டம் என் பெயரில் வரும். மூன்றாம் ஆண்டு லாபம் எனக்குப் பின்னால் வருபவர் பெயரில் வரும். நான் ஏன் தொடவேண்டும் ஐயா?” என்றார். அவர் சோம்பலால் அவ்வாறு பேசியவரல்லர். ரகவாரிக் கணக்கு தம்மிடம் பல ஆண்டுகளாக இருந்தது என்றும், அதை எந்தக் கூட்டத்திலும் வைத்ததில்லை என்றும் அவரே சொன்னார்.

உத்தி பற்றிய பாடங்கள் யாவும் மேலாளரின் அறிவைக் கூர்மையாக்கவே முயல்கின்றன. அவரிடம் அறிவு இருந்தும் கை நீளாததற்குக் காரணம் இது. ஆகவே பாடம் மேலாளருக்கு மட்டும் போதாது. நிர்வாகக் குழுவும் பொதுப்பேரவையும் உடன் பயில வேண்டும். எந்த ரகத்தை விடுகிறோம், அதனால் எந்த ஆண்டில் எவ்வளவு நஷ்டம் எதிர்பார்க்கிறோம், எந்த ஆண்டில் அது திரும்பும், நெசவாளருக்கு மாற்றக் கூலி எவ்வளவு என்பவை தீர்மானப் புத்தகத்தில் எழுத்தில் ஏறவேண்டும். அவ்வாறு ஏறினால் முதல் ஆண்டு நஷ்டத்தைக் கண்டு எவரும் மேலாளரைப் பழிக்க இயலாது. மூன்றாம் ஆண்டில் கணக்குப் பொய்த்தால் ஏன் பொய்த்தது என்று கேட்கவும் இயலும்.

நான்கில் எதை விடுவது என்பதற்கு ஏட்டில் விடை இல்லை. நம் கருத்தைக் கேட்டால், இரண்டை அறவே நிறுத்தி, ஒன்றை முன்பதிவு வந்தால் மட்டும் நெய்து, முகூர்த்தத்துக்கு வாங்கும் ஒரு ரகத்தைச் சரக்குக்கு வரம்பு கட்டி வைத்துக்கொள்ளலாம் என்போம். முகூர்த்தப் புடைவைக்கு வருவோர் மற்றவற்றையும் வாங்கிச் செல்வர். ஆனால் இது நம் ஊகமே. மேலாளர் ஒரு மாதம் விற்பனைக் கூடத்தில் நின்று, வாங்காமல் திரும்புவோர் என்ன கேட்டுத் திரும்பினர் என்பதை ஒரு நோட்டில் குறித்தால் ஊகம் அறிவாகும். எல்லையோரத்துக்கு இது மேலும் அவசியம். 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் வியாபாரம் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. நகரியிலிருந்து வருபவர் விரும்பும் கரையும் சென்னையிலிருந்து வருபவர் விரும்பும் கரையும் ஒன்றா என்பதைக் கடையில் நிற்பவரே அறிவார்.

வாங்குபவரை அறியாமல் நெய்வதன் அபாயத்துக்குப் பழைய சான்று ஒன்று சென்னைக் கட்டம் போட்ட துணி. 1958 இல் அமெரிக்க வணிகர் வில்லியம் ஜேக்கப்சன், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் இத்துணியை வாங்கியதாகவும், சாயம் போகும், குளிர்ந்த நீரில் மெல்லத் துவைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியோரைச் சென்றடையவில்லை என்றும், சாயம் கரைந்து பெரும் புகார் எழுந்தது என்றும் சொல்லப்படுகிறது. பின்னர் சாயம் கரைவதையே சிறப்பாக விளம்பரம் செய்தனர். துவைக்கத் துவைக்க வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து புது அழகு பெறும் என்றனர். துணி அமோகமாக விற்றது. 1960 களின் பிற்பகுதியில் அந்த மோகம் தணிந்தது. விளம்பரக்காரரின் சாமர்த்தியத்தை வியந்து இக்கதையை வகுப்புகளில் கூறுவர். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. தறியில் இருந்தவருக்கு ஆர்டர் ஏன் வந்தது என்பது தெரிய வழியில்லை. ஏன் நின்றது என்பதும் தெரிய வழியில்லை. இடையில் எத்தனை கை மாறியதோ, அத்தனை கைகளில் அந்தச் செய்தி தங்கிவிட்டது.

அரசு ஆர்டரைப் பற்றியும் ஒரு சொல். 1983 இல் தொடங்கிய வேட்டி சேலை வழங்கும் திட்டம் தமிழ்நாட்டுத் தறிகளுக்குப் பெரும் ஆதரவாக இருந்துவருகிறது. அதை வேண்டாம் என்று சொல்வார் எவருமில்லை. ஆனால் ஒரே வாங்குபவரை நம்பியிருக்கும் சங்கம், அவர் ஓராண்டு தாமதித்தால் என்ன செய்யும் என்பதையும் திட்டத்தில் எழுதவேண்டும். எத்தனை தறிகளை வெளிச்சந்தைக்கென்று வைப்பது என்னும் கேள்வி, ஆர்டர் நிறைய இருக்கும் ஆண்டில்தான் பேசப்பட வேண்டியது. இல்லாத ஆண்டில் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது.

கரும்பு பயிரிடும் அங்கத்தினர் இதுவரை பொறுமையாகப் படித்திருப்பாராயின், அவருக்கும் இதில் பங்கு உண்டு. விலை மத்திய அரசால் நிர்ணயிக்கப்படுவதால் தமக்கு உத்தி எதற்கு என்று அவர் எண்ணலாம். 2025-26 பருவத்துக்கு 10.25 விழுக்காடு பிழிதிறனுக்கு டன்னுக்கு 3,550 ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. பிழிதிறன் குறையக் குறைய விலையும் குறையும், ஆனால் 9.5 விழுக்காட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் 3,290 ரூபாய் 50 காசுக்குக் குறையாது. விவசாயியைக் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. பிழிதிறன் 9.4 ஆனாலும் 8.5 ஆனாலும் அவர் கைக்கு வரும் விலை ஒன்றே. ஆலைக்கோ டன்னுக்கு 9 கிலோ சர்க்கரை குறைகிறது. தனியார் ஆலையாயின் அது முதலாளியின் கவலை. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் போல அங்கத்தினருக்கே உரிய ஆலையாயின் அந்த 9 கிலோ யாருடையது? வெட்டிய கரும்பு ஒரு நாளுக்கு மேல் வெயிலில் கிடந்தால் எடையும் சர்க்கரையும் குறையும் என்பதை யாவரும் அறிவர். கட்டிங் ஆர்டர் எந்த வரிசையில் வருகிறது, வெட்டியதற்கும் அரைத்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம், எந்த மாதம் நட்ட வயல் எப்போது முதிர்கிறது என்னும் மூன்றும் விலையைப் போல டில்லியில் தீர்மானிக்கப்படுவனவல்ல. பிழிதிறன் ஆலை முழுவதற்கும் சேர்த்தே கணக்கிடப்படுவதால் ஒருவர் கரும்பின் தாமதம் அடுத்தவர் கணக்கிலும் ஏறுகிறது. நெசவுச் சங்கத்தில் தேங்கிய நான்கு ரகங்கள் சராசரிக்குள் மறைந்ததைப் போன்றதே இதுவும்.

நம் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில்தான் 1904 இல் நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அந்தச் சிறப்பைப் பேசுவதற்கு விழாக்கள் பல உள்ளன. அடுத்த படிப்பு வட்டக் கூட்டத்துக்கு வேறு சில பொருள்கள் வேண்டும். நெசவுச் சங்க மேலாளர்கள் மார்ச் 31 ஆம் நாளைய கையிருப்பை ரகவாரியாகவும், அந்தந்த ரகத்தின் ஓராண்டு விற்பனையைப் பக்கத்திலேயும் எழுதிக் கொண்டுவர வேண்டும். மொத்தத் தொகை வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவினர் தத்தம் சங்கத்தில் கடைசியாக ஒரு ரகத்தை நிறுத்த முடிவெடுத்த தீர்மானத்தின் நகலைக் கொண்டுவருக. அப்படி ஒரு தீர்மானமே இல்லையாயின் அதனையும் எழுதிக் கொண்டுவருக. கரும்பு அங்கத்தினர் சென்ற பருவத்தில் தம் வயலில் வெட்டு முடிந்த நேரத்தையும் லாரி எடைமேடை ஏறிய நேரத்தையும் நினைவிலிருந்தாவது குறித்து வருக. பேனாவும் இரண்டு தாள்களும் உடன் இருக்கட்டும். ஒருவர் கணக்கை மற்றொருவர் படித்து, முடிவு கேட்பதற்கு முன்பே தம் முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.